ஆறு நாள் தீபாவளியும் ஒன்பது இனிப்பு டப்பாக்களும்: பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: செம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மும்பையின் செம்பூரில் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு மூன்றரை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே இதைக் கேட்பதற்குக் காரணம், சென்ற ஆண்டு நாங்கள் பட்ட பாடுதான்.

என் பிறந்த ஊரான கும்பகோணத்தில் தீபாவளி என்பது விடியற்காலை எண்ணெய்க் குளியலில் தொடங்கி அன்றிரவே முடிந்துவிடும். இங்கோ வசுபாரஸில் தொடங்கிப் பாவ்பீஜ் வரை ஆறு நாள் நீள்கிறது. அதற்கு முந்தைய பத்து நாள்களிலேயே கணவரின் அலுவலகத்திலிருந்தும் அவருடன் தொழில் செய்பவர்களிடமிருந்தும் டப்பாக்கள் வந்து சேரத் தொடங்கிவிடும். எங்கள் தளத்தில் மற்ற மூன்று வீடுகளும் மராத்தி, குஜராத்திக் குடும்பங்கள். நாங்கள் மைசூர்பாகும் தேன்குழலும் கொடுத்தால் கரஞ்சியும் சங்கர்பாளியும் திரும்பி வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இரு தரப்பிலும் இல்லாததால் இந்தப் போக்குவரத்துக்கு முடிவே கிடையாது.

சென்ற ஆண்டு சாப்பாட்டு மேசையின் மேல் ஒரே நேரத்தில் ஒன்பது டப்பாக்கள் இருந்தன. பிள்ளைகள் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றார்கள். நான்காம் நாள் இரவு இளையவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். டிசம்பரில் மகளுக்குக் கடைவாய்ப்பல் இரண்டில் சொத்தை என்று சொல்லி அடைக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆண்டு இன்னொரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் பிறப்பித்த உத்தரவுப்படி மகளின் பள்ளியில் சர்க்கரைப் பலகை வைத்திருக்கிறார்கள். எந்தத் தின்பண்டத்தில் எத்தனை டீஸ்பூன் சர்க்கரை என்று அவள் மனப்பாடமாகச் சொல்கிறாள். நவராத்திரிக் கொலுவுக்கு வந்திருந்த என் பெரியத்தையிடம், "இந்தக் கிண்ணக் கேசரியில் ஐந்து டீஸ்பூன் இருக்கும், பாட்டி" என்று சொன்னாள். அவர் கரண்டியை அப்படியே கிண்ணத்தில் வைத்துவிட்டு, "எனக்குப் போதும்" என்றார். அதை விளையாட்டாகச் சொன்னாரா வருத்தத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லா டப்பாக்களையும் பீரோவில் வைத்துப் பூட்டி, நாளுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதானே, விட்டுவிடு என்கிறார் கணவர். சர்க்கரைக்குப் பதிலாக வெல்லத்தில் செய்தால் எவ்வளவு தின்றாலும் கெடுதல் இல்லை என்கிறார் மாமியார். மூன்றில் எது சரி?


மறுமொழி 1: முலுண்ட் பல் மருத்துவர்

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்குகிறேன். டிசம்பரில் கண்ட சொத்தை தீபாவளியில் தோன்றியது அன்று. பல்லில் குழி விழும் அளவுக்குச் சொத்தை வளர்வதற்குப் பெரும்பாலும் பல மாதங்கள் ஆகும். ஆகவே, உங்கள் மகளின் பற்களைக் கெடுத்தது அந்த ஆறு நாள் மட்டுமாக இருக்க முடியாது. ஆனால் அந்த ஆறு நாளில் நீங்கள் கண்ட "போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று" என்கிற பழக்கம் ஆண்டின் மற்ற நாள்களிலும் பிஸ்கட்டாகவோ டாஃபியாகவோ பழச்சாறாகவோ வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை முறை தின்றான் என்பதே முக்கியமான கேள்வி. வாயில் இனிப்புப் பட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக மாற்றிவிடுகின்றன. அமிலத்தின் அளவுகோலான பி.ஹெச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒரு குழந்தை நான்கு இனிப்புகளை ஒரே வேளையில் உட்கார்ந்து தின்றுவிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே நான்கை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகத் தின்றால் நான்கு தாக்குதல்கள். பூட்டி வைத்து நாளுக்கு ஒன்று கொடுப்பதாகச் சொன்னீர்கள். அந்த ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நக்கிக்கொண்டிருந்தால் உங்கள் பூட்டினால் பல்லுக்குப் பயனில்லை.

சுவீடன் நாட்டில் 1940-களில் விபெஹோல்ம் என்ற மனநல விடுதியில் இதை ஆராய்ந்தார்கள். விடுதியில் இருந்தவர்களின் ஒப்புதல் இல்லாமலேயே ஒட்டுகிற டாஃபிகளைத் தின்னக் கொடுத்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத, வெட்கப்பட வேண்டிய ஆராய்ச்சி அது. ஆயினும் சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புத் தின்றவர்களைவிட, இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாயைத் தின்றவர்களுக்கே பற்கள் மிக மோசமாகக் கெட்டன என்பது அதில் தெளிவாயிற்று. அதன் பிறகு அந்நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்கிற வழக்கம் ஊன்றியது. உங்கள் கும்பகோணத்து ஒரு நாள் தீபாவளியும் ஏறத்தாழ அதே கணக்குதான்.

ஆகவே, மேசையின் மேலிருந்து டப்பாக்களை எடுத்துவிடுங்கள்; இனிப்புக்கு நேரம் வையுங்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு முறை, தேவையானால் மாலை நான்கு மணிக்கு ஒரு முறை. உட்கார்ந்து தின்ன வேண்டும், தின்றதும் தண்ணீர் குடிக்க வேண்டும். இரவில் பல் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது; உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால் அந்த நேரத்துத் தாக்குதலைச் சரிசெய்ய ஆள் இல்லை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். ஏழு வயதுப் பிள்ளை தானே துலக்கினாலும் இரவில் ஒரு முறை நீங்கள் துலக்கிவிடுவது நல்லது.

எல்லா இனிப்பும் பல்லுக்கு ஒன்றல்ல. மைசூர்பாகு கரைந்து போய்விடும். லோனாவளாச் சிக்கி என்கிற கடலை மிட்டாய் அப்படிப் போகாது. சென்ற வாரம் ஒரு சிறுவனின் கடைவாய்ப்பல் பள்ளத்திலிருந்து நான் எடுத்த சிக்கித் துணுக்கு முந்தைய நாள் மாலை தின்றதாம். இரவு முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறது. முறுக்கும் சகலியும் இனிப்பில்லையே என்று நினைக்காதீர்கள். மாவு பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்யும்.

இன்னும் ஒன்று. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று எண்ணி, விழுந்து முளைக்கும்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் ஆழமான பள்ளங்களைச் சீலன்ட் என்கிற மெல்லிய பூச்சினால் மூடிவிட முடியும். ஊசியோ துளையிடுவதோ தேவையில்லை. மகளுக்கு அடைத்த பற்கள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற புதுப் பற்களுக்கு இந்தப் பூச்சுப் போடலாமா என்றும் கேளுங்கள்.


மறுமொழி 2: தாராவி ஆசிரியை

மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பீரோவில் வைத்துப் பூட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூட்டி வைத்த பொருளின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடும் என்பதை எந்த அம்மாவும் அறிவாள். ஃபிஷர், பர்ச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் இதை மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தே பார்த்தார்கள். கண்ணில் படும்படி வைத்து எடுக்க விடாமல் தடுத்த தின்பண்டத்தைப் பற்றியே அந்தப் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள், அதையே கேட்டார்கள். அதனால் முந்தைய மறுமொழியில் சொன்னபடி நேரம் வைப்பது நல்லது, ஆனால் அந்த நேரத்தில் தட்டில் வைத்ததைக் கணக்குப் பார்க்காமல் தின்ன விடுங்கள். "வீட்டுப்பாடம் முடித்தால் ஒரு லட்டு" என்று பேரம் பேசாதீர்கள். பாடம் கசப்பு, லட்டுதான் இனிப்பு என்று நாமே கற்றுக்கொடுத்தது போலாகும்.

உங்கள் மகளின் டீஸ்பூன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் அன்றாடக் கலோரியில் 13 விழுக்காட்டையும், பதினொன்று முதல் பதினெட்டு வயதினர் 15 விழுக்காட்டையும் சர்க்கரையிலிருந்து பெறுகிறார்கள், இருக்க வேண்டிய அளவோ 5 விழுக்காடுதான் என்று சி.பி.எஸ்.இ.யின் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. அது அன்றாட உணவைப் பற்றிய கவலை. கொலுவுக்கு வந்த பாட்டியின் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பதற்காகச் சொன்னது அன்று. குழந்தையைக் கண்டிக்காதீர்கள், அவள் படித்ததைத்தான் சொன்னாள். அவளிடம் பொறுப்பைக் கொடுங்கள். நான்கு மணித் தட்டில் அன்றைக்கு எந்த இனிப்பு, எந்தப் பழம், எத்தனை கடலை என்று அவளே எடுத்து அடுக்கட்டும், தம்பிக்கும் சேர்த்து. கணக்குப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்குப்பிள்ளை வேலை கொடுத்துவிட்டால் விருந்தினரின் கிண்ணத்தை விட்டுவிடுவாள்.

சர்க்கரை தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்று யாராவது சொல்ல வருவார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். தாய்க்கோ பிள்ளைக்கோ தெரியாமல் சர்க்கரையையும் இனிப்பூட்டியையும் மாற்றிக் கொடுத்துச் செய்த பல சோதனைகளை 1990-களில் தொகுத்துப் பார்த்ததில், பிள்ளைகளின் நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. தீபாவளியன்று நான்கு மணிக்கு எழுப்பி, பட்டாசு கொடுத்து, பத்து உறவினர் பிள்ளைகளோடு விட்டால் பட்டினி கிடக்கும் பிள்ளையும் ஆட்டம்தான் போடும்.


மறுமொழி 3: மாட்டுங்கா பாட்டி

உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும் அம்மா, அதனால் ஒருமையில் எழுதுகிறேன், தவறாக நினைக்காதே.

எங்கள் காலத்தில் பட்சண டின்கள் பரண் மேல்தான் இருக்கும். பூட்டெல்லாம் கிடையாது, ஏணி வைத்து ஏற வேண்டும் என்பதுதான் பூட்டு. சாப்பாட்டு இலையில் ஓரமாக ஒரு இனிப்பு வைப்போம், சாப்பாட்டோடு அதுவும் முடிந்துவிடும். மேசை மேல் பரப்பி வைப்பது எல்லாம் டப்பாக்களில் கலர்க் காகிதம் சுற்றி வரத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம்.

அளவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கடை லட்டு எலுமிச்சம்பழ அளவு இருக்கிறது, சில கடைகளில் சாத்துக்குடி அளவுகூட இருக்கிறது. நான் நெல்லிக்காய் அளவுதான் பிடிப்பேன். மைசூர்பாகுக்கு அரைக் கிலோ சர்க்கரை போட்டு நாற்பது துண்டு போட்டால் ஒரு துண்டில் பன்னிரண்டரைக் கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை. அதையே எண்பதாக வெட்டினால் ஒன்றரை டீஸ்பூன். "இரண்டு தின்றேன்" என்ற திருப்தி பிள்ளைக்கு, ஒன்றுதான் தின்றது என்ற நிம்மதி உனக்கு. என் பேரன்கள் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தீபாவளி மருந்தை மறக்காதே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், தனியா, சீரகம் பொடித்து, வெல்லப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளக் கிளறினால் லேகியம். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், பட்சணத்தில் கை வைக்கும் முன்பு, உன் மகளுக்குச் சுண்டைக்காய் அளவு கொடு. சின்னவனுக்கு அதில் பாதி. காரம் தாங்காது. அதில் தேன் விடுகிறவர்களும் உண்டு; ஒரு வயது நிரம்பாத குழந்தை வீட்டில் இருந்தால் தேன் கலந்ததை நாக்கில் தடவக்கூட வேண்டாம், அந்த வயதில் தேனால் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சு உண்டாகலாம் என்று எங்கள் டாக்டர் என் கொள்ளுப்பேத்தி பிறந்தபோது கண்டிப்பாகச் சொன்னார்.

இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்று நானும் ஐம்பது ஆண்டுகள் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறேன். பூச்சி வருவது மண்ணிலும் கழுவாத கையிலும் இருந்துதானாம். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாமல் போட்டால் போதுமாம். மிரட்டுவதற்கு இப்போது வேறு எதுவும் மிச்சமில்லை.

உன் மாமியார் சொல்வதும் ஒரு வகையில் சரிதான், வெல்லம் சர்க்கரையைவிட நல்லது.


மறுமொழி 4: முலுண்ட் பல் மருத்துவர்

பாட்டி மன்னிக்க வேண்டும். வெல்லத்தில் சிறிதளவு இரும்புச் சத்தும் பிற தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். வாய்க் கிருமிகளுக்கு நிறம் தெரியாது. வெல்லப் பாகு பல்லில் கூடுதலாக ஒட்டவும் செய்யும். இரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயநலச் சங்கம் 2016-இல் சொன்னது. அந்த 25 கிராமில் வெல்லமும் தேனும் அடங்கும். எண்பதாக வெட்டும் யோசனையை என் நோயாளிகளின் பெற்றோருக்கும் சொல்லப் போகிறேன்.


மறுமொழி 5: டோம்பிவிலி அப்பா

என் மகளுக்குப் பத்து வயது. ஆறு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. இங்கே யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றாலும், ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் நிகழ்வதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"நிறைய மிட்டாய் தின்றால் உனக்கும் அந்த அக்காவைப் போல ஊசி போடுவார்கள்" என்று எங்கள் கட்டடத்தில் ஓர் அம்மா தம் பிள்ளையிடம் சொன்னது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த என் மகளின் காதில் விழுந்தது. முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்றதால் வருவது அன்று. உடலின் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. பிள்ளைகளை மிரட்ட வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இதை மட்டும் சொல்லாதீர்கள்.

அவளும் இனிப்புத் தின்கிறாள். தட்டில் வைத்ததைப் பார்த்து மாவுச்சத்தைக் கணக்கிட்டு, மருத்துவர் சொன்ன விகிதப்படி இன்சுலின் போட்டுக்கொண்டு தின்கிறாள். நெய் ஊறிய இனிப்பு மற்றதைப் போல உடனே ஏற்றாது. கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால், சில மணி நேரம் கழித்து, நாங்கள் அசந்திருக்கும்போது ரத்தச் சர்க்கரை ஏறும். மாறாக, ஓடியாடிப் பட்டாசு வெடித்த இரவில் அது திடீரென்று இறங்கவும் கூடும். அதனால் கணவனும் மனைவியும் முறை வைத்து எழுந்து பார்க்கிறோம்.

நல்ல மனத்தோடு சுகர் ஃப்ரீ என்று அச்சிட்ட டப்பாக்களைச் சிலர் எங்களுக்காகவே வாங்கி வருகிறார்கள். அதில் சேர்க்கும் சர்க்கரை இல்லையே தவிர, கோவாவில் பாலின் சர்க்கரையும் பர்பியில் மாவும் இருக்கத்தான் செய்கின்றன. சிலவற்றில் சேர்க்கும் மால்டிட்டால் என்கிற இனிப்பூட்டி அளவுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்று எண்ணி அதை நீங்களும் வாங்கிவிட வேண்டாம்.


மறுமொழி 6: வாஷிவாசி

நான் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவன். உங்கள் இளையவனின் வாந்தியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான்காம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியில் வைத்திருந்த கோவா இனிப்பாக இருந்தால், மும்பையின் அக்டோபர் வெயிலில் அது கெட்டுப் போயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல், உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பரிசாகக் கைமாறி வரும் டப்பாவில் அந்தத் தேதி இருக்காது. பால், கோவா, பனீர் சேர்ந்தவற்றை வந்தவுடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள், அல்லது முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இனிப்பின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் தேய்ந்து மறைந்துவிடும், சிறு உருண்டைகளாகத் திரண்டால் அலுமினியம்.

மூன்றரை வயதுக்காரனிடம் முழு முந்திரி, முழு வேர்க்கடலை, கெட்டியான உருண்டை மிட்டாய் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். உடைத்தோ பொடித்தோ கொடுங்கள்.


செம்பூர்வாசி (பாவ்பீஜுக்கு மறுநாள்)

எல்லாருக்கும் நன்றி. பூட்டவில்லை. டப்பாக்களை எல்லாம் சமையலறையின் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, மதியம் ஒன்று, நான்கு மணிக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு நாள் இளையவன் காலை பத்து மணியிலிருந்தே "மணி நாலாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கேட்கவில்லை. தட்டு அடுக்கும் வேலையை மகள் மிகக் கண்டிப்பாகச் செய்தாள். அவள் அப்பாவுக்கு மட்டும் ஒரு நாள் இரண்டாம் மைசூர்பாகு மறுக்கப்பட்டது. எண்பதாக வெட்டியதை அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள், தம்பியிடம் சொல்லவில்லை. பெரியத்தையைத் தொலைபேசியில் அழைத்து, அவருக்கு எந்த இனிப்பு எடுத்துவைக்க வேண்டும் என்று தானே கேட்டாள். பால்கோவா என்றாராம்.

இரண்டு நாள் திட்டம் குலைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லட்சுமி பூஜையன்று எதிர்வீட்டில் பிள்ளைகள் என்ன தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பாவ்பீஜ் அன்று இரவு பல் துலக்காமலேயே இருவரும் உறங்கிவிட்டார்கள்.

நரக சதுர்த்தசியன்று விடியற்காலையில் பக்கத்து மராத்தி வீட்டு வாசலில் காரிட் என்கிற சிறு கசப்புக் காயைக் கால் கட்டைவிரலால் நசுக்கினார்கள். மகளையும் கூப்பிட்டு நசுக்கச் சொல்லி, நாக்கில் ஒரு சொட்டுத் தடவிவிட்டார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தவளிடம் மாட்டுங்கா பாட்டி சொன்னபடி சுண்டைக்காய் அளவு லேகியத்தை நீட்டினேன். வாயில் போட்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு, அந்தக் காயே தேவலை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடினாள்.

அடைத்தவற்றுள் ஒன்று பால் பல், மற்றொன்று ஆறு வயதில் முளைத்த பல் என்று தெரிந்தது. அதே வயதில் முளைத்த மற்ற மூன்றுக்கும் வரும் புதன்கிழமை பூச்சுப் போடுகிறோம்.